பயிற்சி முடிந்த மறுநாள்

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொழிற்பயிற்சியைப் பற்றியவை. கிராமப்புறப் பயிற்சி மையங்களில் நீண்ட காலம் தையல் ஆசிரியையாக இருந்தவள் என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் வெளியிடவில்லை.

மூன்று மாதத் தையல் பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். என்னுடன் படித்த எல்லோரும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். இப்போது தெருவுக்கு நான்கு பேர் தைக்கிறோம். வருகிறவர்களும் “நீ தெரிந்த பெண்தானே” என்று சொல்லியே கூலியைக் குறைக்கிறார்கள். கற்றது வீண்தானா அக்கா?

வீண் இல்லை, தங்கை. உங்களுக்குக் கிடைத்தது பாதிப் பயிற்சி. வெட்டவும் தைக்கவும் சொல்லிக்கொடுத்தவர்கள், கூலி சொல்லக் கற்றுக்கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள். நான் பார்த்த மையங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. கடைசி நாளில் சான்றிதழ், புகைப்படம், கைதட்டல். மறுநாள் அந்தப் பெண் என்ன செய்வாள் என்று யாரும் கேட்பதில்லை.

கூலியில் இருந்து தொடங்குவோம். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, அடுத்து வரும் ஒரே ஒரு உடையை மட்டும் முழுதாகக் கணக்கெழுதுங்கள். நூல், லைனிங், கேன்வாஸ், கொக்கி, பட்டன். பிறகு மின்சாரம், ஊசி, மெஷின் எண்ணெய், தேயும் பெல்ட். மெஷின் வாங்கிய விலையை அது உழைக்கும் மாதங்களால் வகுத்து, அந்த மாதத்துப் பங்கையும் சேருங்கள். கடைசியாக உங்கள் நேரம். தைக்கும் நேரத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அளவெடுத்தது, வெட்டியது, காஜா எடுத்தது, இஸ்திரி போட்டது, “தோளில் பிடிக்கிறது” என்று திரும்பி வந்ததைப் பிரித்து மறுபடி தைத்தது எல்லாமே நேரம்தான். அத்தனை நேரமும் வேறு கூலி வேலைக்குப் போயிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ, அதை எழுதுங்கள். மொத்தத் தொகை நீங்கள் இப்போது வாங்கும் கூலியைவிட அதிகமாக இருந்தால், ஊராருக்கு உங்கள் கைக்காசைப் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு மற்ற மூவரிடமும் போங்கள். ஆளுக்கொரு கூலி சொல்லும் வரை, குறைத்துக் கேட்பவர்கள் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடந்துகொண்டே இருப்பார்கள். நான்கு வீட்டு வாசலிலும் ஒரே கூலிப் பட்டியல் தொங்கட்டும். இப்படிக் கூடுவது பெரிய விஷயமா என்று நினைக்க வேண்டாம். 1972இல் அகமதாபாத்தில் இளா பட் சுயதொழில் செய்யும் பெண்களுக்காக ‘சேவா’ என்ற தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, “உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்?” என்று அதிகாரிகள் மறுத்தார்கள். சங்கம் என்பது யாரையும் எதிர்ப்பதற்காக மட்டும் இல்லை, தொழிலாளர்கள் ஒன்றாக நிற்பதற்காக என்று வாதாடித்தான் அவர்கள் பதிவு பெற்றார்கள். வீட்டில் உட்கார்ந்து தைப்பவர்களும், தலைச்சுமையில் காய்கறி விற்பவர்களும் அதில் சேர்ந்தார்கள். நீங்கள் நால்வர் கூடுவதற்குப் பதிவுகூடத் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரே ஊரில் ஒரே மாதிரி உடையை நால்வர் தைத்தால் நால்வருக்கும் பாதி வயிறுதான். யார் கை எதில் ஓடுகிறது என்று பாருங்கள். ஒருவர் வெட்டுவதில் தேர்ந்தவராக இருப்பார், இன்னொருவருக்குக் கைவேலை நேர்த்தியாக வரும். பிரித்துக்கொண்டால், பள்ளிச் சீருடை போன்ற மொத்த வேலையை ஏற்க முடியும். தனியாளால் அந்தத் தேதிக்குள் முடித்துக் கொடுக்க முடியாது. ஜிப் மாற்றுவது, பழைய உடையை அளவு குறைப்பது, கிழிசலை இழை தெரியாமல் தைப்பது போன்ற பழுது வேலையைப் பயிற்சி மையங்கள் சொல்லிக்கொடுப்பதே இல்லை. துணிச் செலவு ஏறக்குறைய இல்லாத வேலை அது. உங்களில் ஒருவர் அதில் பெயர் எடுத்தால், அடுத்த ஊரிலிருந்தும் ஆள் வரும்.

பயிற்சி மையம் பக்கத்து ஊரில் இருக்கிறது. இலவசம்தான், உதவித்தொகையும் உண்டு. ஆனால் என் மாமியார், “நம் ஊரில் நடந்தால் போ, எல்லை தாண்டிப் போகக் கூடாது” என்கிறார். எப்படிப் புரியவைப்பது?

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு செய்தி இருக்கிறது. பயிற்சி நடத்துகிறவர்கள் கேட்க வேண்டிய செய்தி. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் கிராமப் பெண்களுக்குத் தையல் பயிற்சி கொடுத்து, யார் சேர்கிறார்கள், யார் நின்றுவிடுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். பயிற்சி வேண்டும் என்று ஆசைப்பட்ட பெண்களே, மையம் வேறு கிராமத்தில் என்றதும் பெருமளவில் விலகிவிட்டார்கள். தூரம் கூடக்கூட மெதுவாகக் குறைந்திருந்தால் போக்குவரத்துச் சிக்கல் என்று சொல்லலாம். அங்கே ஊர் எல்லையைத் தாண்டிய இடத்திலேயே எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. உதவித்தொகையைக் கூட்டியபோது கொஞ்சம் பலன் கிடைத்தது. எல்லோரையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகும் நம்பகமான வண்டி ஏற்பாடு செய்தபோது நிறையவே பலன் கிடைத்தது.

ஆகவே மாமியாருடன் தனியாக வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் ஊரில் பயிற்சிக்கு ஆசைப்படும் மற்ற பெண்களைக் கண்டுபிடியுங்கள். பலர் கையெழுத்திட்டு, “எங்கள் ஊரிலேயே ஒரு வகுப்பு நடத்துங்கள், இல்லாவிட்டால் எல்லோருக்கும் சேர்த்து வண்டி ஏற்பாடு செய்யுங்கள்” என்று மையத்துக்கு ஒரு மனு கொடுங்கள். ஊர்ப் பொதுக்கட்டடமோ, மாலையில் காலியாக இருக்கும் வகுப்பறையோ ஒரு தையல் வகுப்புக்குப் போதும். மாமியாரையும் ஒரு நாள் மையத்துக்கு அழைத்துப்போய் ஆசிரியை யார், கழிப்பறை எப்படி இருக்கிறது, எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்பதையெல்லாம் அவரே பார்க்கும்படி செய்யுங்கள். அவருடைய கவலையில் பாதி அந்தக் கேள்விகள்தான். மீதிப் பாதி, நீங்கள் வெளியே போகும் நேரத்தில் வீட்டு வேலையை யார் செய்வது என்பது. அதைக் கணவரிடம் பேசுங்கள். அது அவருடைய வீடும்தான்.

பள்ளிப் படிப்பை முடித்த என் மகள் மோட்டார் பழுதுபார்க்கும் பயிற்சியிலும், வீட்டு மின் இணைப்புப் பயிற்சியிலும் சேர வேண்டும் என்கிறாள். உறவினர்கள் எல்லோரும் அழகுக்கலையில் சேர்க்கச் சொல்கிறார்கள். பெண்ணுக்கு ஏற்ற தொழில் எது என்று நீங்கள் சொன்னால் கேட்பாள்.

ஐயா, உங்கள் மகள் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன்.

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் உலக வங்கி ஆய்வாளர்கள் சிறுதொழில் நடத்தும் பெண்களைப் பற்றி ஆராய்ந்தார்கள். உலோக வேலை, மரவேலை, மின்வேலை, வாகனப் பழுது போன்ற, ஆண்கள் நிறைந்த தொழில்களுக்கு மாறிய பெண்கள், தையல், முடிதிருத்தம் போன்ற வழக்கமான தொழில்களில் இருந்த பெண்களைவிடச் சுமார் 3 மடங்கு லாபம் எடுத்தார்கள். அதே தொழிலில் இருந்த ஆண்களுக்குச் சமமாக. மற்ற பெண்கள் ஏன் மாறவில்லை என்றால், அந்தத் தொழிலில் இவ்வளவு வருமானம் இருப்பதே அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. மாறியவர்களுக்கோ, தொழிலுக்குள் கைபிடித்து அழைத்துப்போன ஒருவர் இருந்தார். பெரும்பாலும் தந்தை, சகோதரன், கணவன் என்று ஓர் ஆண்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை மகிழ வைத்தது இதுதான்: அழைத்துப்போக வேண்டியவரே எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கும் முன் மையத்துக்குப் போய்ச் சிலவற்றைப் பாருங்கள். மாணவர்கள் கையால் தொட்டுப் பிரித்துப் பார்க்கப் போதுமான மோட்டார்கள் இருக்கின்றனவா? பாதுகாப்புக் கையுறையும் காலணியும் பெண்கள் அளவில் உண்டா? பயிற்சி முடிந்ததும் ஒரு பட்டறையில் சில மாதம் உதவியாளராகச் சேர்த்துவிடுவார்களா? கடைசிக் கேள்விக்கு “இல்லை” என்றால், அந்தப் பட்டறையை நீங்கள் தேட வேண்டியிருக்கும். உள்ளூரில் நேர்மையான மெக்கானிக் யார் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் மின்விசிறி நின்றுவிட்டால், முன்பின் தெரியாத ஆணை உள்ளே விடத் தயங்குவார்கள். உங்கள் மகளை உடனே கூப்பிடுவார்கள். அவளுக்கென்றே காத்திருக்கும் வேலை அது.

எனக்கு வயது நாற்பத்தேழு. எழுதப் படிக்கத் தெரியாது. நான் எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா? (மகளைக் கொண்டு இதை எழுதுகிறேன்.)

முடியும், அம்மா. ராஜஸ்தானில் திலோனியா என்ற கிராமத்தில் 1972இல் பங்கர் ராய் தொடங்கிய ‘வெறுங்கால் கல்லூரி’ இருக்கிறது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்கா எனப் பல நாடுகளிலிருந்து, உங்களைப் போல எழுத்தறியாத நடுத்தர வயதுப் பெண்களும் பாட்டிமார்களும் அங்கே வந்து 6 மாதம் தங்கி, சூரிய மின்விளக்கு பொருத்தவும் பழுதுபார்க்கவும் கற்றுத் திரும்பியிருக்கிறார்கள். ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. நிறங்களையும் சைகைகளையும் வைத்துத்தான் பாடம். அப்படிக் கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியர் உங்களுக்குக் கிடைக்க வேண்டும். எண்களை அடையாளம் காணவும் கூட்டிக் கழிக்கவும் மட்டும் மகளிடம் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். எந்தத் தொழிலுக்குப் போனாலும் அது இல்லாமல் ஏமாற்றுவார்கள்.

கைத்தொழில் கற்று இரண்டு ஆண்டாகச் சம்பாதிக்கிறேன். பணம் முழுவதும் கணவர் கணக்குக்குப் போகிறது. என் கைச்செலவுக்கும் அவரிடம்தான் கேட்கிறேன். “சொந்தக் காலில் நிற்கிறாய்” என்று எல்லோரும் பாராட்டும்போது மனசு வலிக்கிறது. நான் நிற்பது யார் காலில்?

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இதற்குத்தான் அதிகம் எழுத வேண்டும் என்று தோன்றியது.

சம்பாதிப்பதும் சம்பாத்தியம் கையில் இருப்பதும் வேறு வேறு. பயிற்சித் திட்டங்களில் பலவும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. மத்தியப் பிரதேசத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தில் உழைத்த பெண்களின் கூலி, குடும்பத் தலைவரான ஆணின் கணக்குக்குப் போவதே வழக்கமாக இருந்தது. ஆய்வாளர்கள் அரசுடன் சேர்ந்து, சில கிராமங்களில் பெண்களுக்குத் தனிக் கணக்கு தொடங்கி, கூலி நேராக அதில் விழும்படி செய்து, கணக்கை எப்படிக் கையாள்வது என்று சிறிய பயிற்சியும் கொடுத்தார்கள். 2021இல் வெளியான முடிவின்படி, கணக்கு மட்டும் கிடைத்த பெண்களைவிட, நேரடிக் கூலியும் பயிற்சியும் சேர்ந்து கிடைத்த பெண்கள் அதிகமாக வேலைக்குப் போனார்கள். அந்தத் திட்டத்தில் மட்டும் இல்லாமல் வெளி வேலைக்கும். அவர்கள் உழைப்புக்குத் தயங்கியவர்கள் அல்லர். கூலி தன் கையில் வரும் என்று தெரிந்ததும் வேலைக்குப் போவதற்கு ஒரு காரணம் பிறந்தது.

அகமதாபாத்துப் பெண்களுக்கு இது இன்னும் முன்பே தெரியும். சேவாவில் சேர்ந்தவர்களில் 4,000 பேர் ஆளுக்குப் 10 ரூபாய் பங்குப் பணம் போட்டு, 1974இல் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். பெரும்பாலோருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் பாஸ் புத்தகத்தில் அந்தப் பெண்ணின் புகைப்படத்தை ஒட்டினார்கள். பணம் யாருடையது என்பதைப் படிக்கத் தெரியாதவரும் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் உங்கள் பெயரில், உங்கள் பெயரில் மட்டும், ஒரு கணக்கு. அதில் பதிவாகும் கைபேசி எண் உங்களிடம் இருக்கும் கைபேசியுடையதாக இருக்க வேண்டும். கணவர் வைத்திருக்கும் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போனால் கணக்கு பெயருக்குத்தான் உங்களுடையது. ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். அடுத்து, வாடிக்கையாளர்களிடம் புதிய கணக்கு எண்ணைக் கொடுங்கள். எல்லோரிடமும் ஒரே நாளில் கொடுக்க முடியாவிட்டால், புதிதாக வருகிறவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

கணவரிடம் மறைத்துச் செய்யச் சொல்கிறேனா? அதை உங்கள் வீட்டை அறிந்த நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கோபம் கையோங்கும் வீடாக இருந்தால், உங்கள் பாதுகாப்பு முதலில். நம்பிக்கையான ஒரு பெண்ணிடமாவது சொல்லி வைத்துவிட்டு, மெதுவாகச் செய்யுங்கள். பேசக்கூடிய வீடாக இருந்தால் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: “தொழிலுக்கான பணம் தனியாக இருந்தால்தான் லாபமா நஷ்டமா என்று தெரியும். வீட்டுச் செலவுக்கு மாதம் இவ்வளவு தருகிறேன்.” அந்தத் தொகையை நீங்களே சொல்லுங்கள். பிறகு தொழில் பணத்திலிருந்து உங்களுக்கென்று ஒரு சம்பளம் எடுத்துக்கொள்ளுங்கள். சிறியதாக இருந்தாலும் மாதந்தோறும் எடுக்க வேண்டும். சொந்தத் தொழிலில் தனக்குச் சம்பளம் எழுதாத பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கணக்கில் இல்லாத உழைப்பை வீட்டிலும் யாரும் கணக்கில் வைப்பதில்லை.

எங்கள் இளைஞர் அமைப்பு கிராமத்துப் பெண்கள் ஐம்பது பேருக்கு இலவசமாக மெழுகுவத்தி செய்யும் பயிற்சி தரத் திட்டமிட்டிருக்கிறது. உங்கள் வாழ்த்து வேண்டும்.

வாழ்த்துவதற்கு முன் ஒரு கேள்வி. அந்த மெழுகுவத்திகளை யார் வாங்கப்போகிறார்கள்? விடை உங்களிடம் இல்லையென்றால், தயவு செய்து பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். சொல்லிக்கொடுக்க எளிது, மூலப்பொருள் மலிவு, சில நாளில் முடிந்துவிடும் என்பதற்காகவே மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் பினாயிலும் ஊர் ஊராகக் கற்பிக்கப்படுகின்றன. அந்தப் பெண்கள் கூலியை விட்டு வந்து உட்காருகிறார்கள். பயிற்சி உங்களுக்கு இலவசமாகத் தோன்றலாம். அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் செலவுதான். விற்காத பொருள் மூலையில் கிடக்கும்போது, “இவளுக்கு எதுவும் வராது” என்ற பேச்சையும் அவர்கள்தான் கேட்கிறார்கள்.

நேபாளத்தில் 2008இல் தொடங்கிய வேலைவாய்ப்பு நிதித் திட்டத்தை எடுத்துப் படியுங்கள். எந்தத் தொழிலுக்கு ஆள் தேவைப்படுகிறது என்று சந்தையைப் பார்த்துவிட்டுத்தான் பயிற்சி நிறுவனங்கள் திட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. பயிற்சி முடித்ததோடு அவற்றுக்கு முழுப் பணம் கிடைக்கவில்லை. 3 மாதம், 6 மாதம் கழித்து, பயிற்சி பெற்றவர் உண்மையிலேயே சம்பாதிக்கிறாரா என்று சரிபார்த்த பிறகுதான் மீதித் தொகை. வாய்ப்பு குறைந்த பெண்களுக்கு வேலை வாங்கிக்கொடுத்தால் கூடுதல் தொகை. இப்படி விதி வைத்ததும், யாரைச் சேர்ப்பது, எதைக் கற்பிப்பது, முடிந்தபின் யாரிடம் அனுப்புவது என்று ஒவ்வொன்றிலும் நிறுவனங்கள் அக்கறை காட்டின. இந்தியாவிலும் கர்நாடகத்தின் உஜிரேயில் 1982இல் தொடங்கிய சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம், பயிற்சி முடித்தவர்களை 2 ஆண்டுகள் பின்தொடர்ந்து உதவுவதை முறையாக வைத்துக்கொண்டது. பிறகு நாடெங்கும் மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரகப் பயிற்சி நிறுவனங்களுக்கு அதுவே முன்மாதிரி ஆனது.

உங்களிடம் அவ்வளவு பணம் இருக்காது. வேண்டாம். ஐம்பதைப் பத்தாக்குங்கள். பக்கத்துச் சிறு நகரத்தில் கடைக்காரர்களையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் பார்த்து, “எதை வெளியூரிலிருந்து வாங்குகிறீர்கள், எதற்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறீர்கள்” என்று கேளுங்கள். வந்த விடைகளை அந்தப் பத்துப் பெண்கள் முன்னால் வைத்து, தொழிலை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். வகுப்பு நேரத்தையும் அவர்களே சொல்லட்டும். நடவும் அறுவடையும் நடக்கும் வாரங்களில் வகுப்பு வைத்துவிட்டு, “பெண்களுக்கு ஆர்வமில்லை” என்று அறிக்கை எழுதாதீர்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். என் வகுப்புகளில் பாதியில் நின்றுபோன பெண்களில் பலரிடம் காரணம் கேட்டிருக்கிறேன். “குழந்தையை விட ஆளில்லை” என்பதுதான் அடிக்கடி கேட்ட பதில். உங்கள் அமைப்பின் இளைஞர்கள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாலும் நல்லதே. பயிற்சி முடிந்து ஓராண்டு வரை மாதம் ஒரு முறை ஒவ்வொருவரையும் சந்திக்க யார் என்று பெயர் எழுதி வைத்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். மனதார வாழ்த்துகிறேன்.

பயிற்சி முடித்ததும் உடனே கடன் வாங்கி மெஷின் வாங்கலாமா?

உடனே வேண்டாம். இலங்கையில் ஏற்கெனவே தொழில் நடத்திய பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வில், பயிற்சி மட்டும் கிடைத்தபோது லாபம் உயரவில்லை. பயிற்சியோடு திருப்பித் தர வேண்டாத உதவித்தொகையும் கிடைத்தபோது முதலில் உயர்ந்தது, பின்னர் அந்தப் பலனும் மங்கிவிட்டது. கடனென்றால் வட்டியும் சேரும். எனவே வாடகைக்கோ, மையத்தில் காலியாக இருக்கும் நேரத்திலோ, உடன்படித்தவருடன் பங்கிட்டோ ஒரு மெஷினில் சில மாதம் தைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் செலவு போக மிஞ்சுவதை எழுதுங்கள். மிகக் குறைவாக மிஞ்சிய மாதத்தின் தொகையிலிருந்தும் தவணையைக் கட்ட முடியுமானால் கடன் வாங்குங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும்.